சூடேறும் ஆயிலின் கதை
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரிப்பது என் தொழில். கருகிய ஆயிலின் வாடை எனக்கு அத்துப்படி. இந்த வகை கியர்பாக்ஸ் பரவத் தொடங்கியது அமெரிக்காவில். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ரமாட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தியது. கிளட்ச் மிதி போயிற்று. விசையைக் கடத்தும் வேலை ஆயிலுக்கு வந்தது. அந்த வேலைக்காகப் பின்னர் பரவிய டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும்போதெல்லாம் ஆயில் கொதிப்பேறும்.

1956 அமெரிக்க நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின் விரிந்த சாலைகளில் பிக்கப்புகள் படகுகளையும் டிரெய்லர் வீடுகளையும் இழுத்துக்கொண்டு மலையேறின. கியர்பாக்ஸ் ஆயிலை ஆற்ற ரேடியேட்டர் தொட்டிக்குள் இருந்த சிறு கூலர் அந்தப் பாரத்துக்குப் போதவில்லை. ஆகவே ரேடியேட்டருக்கு முன்னால், எதிர்க்காற்று படும் இடத்தில், இன்னொரு கூலரைப் பொருத்தினார்கள். ஆயில் ரேடியேட்டரைக் கடந்து, இதில் மேலும் ஆறி, கியர்பாக்ஸுக்குத் திரும்பும்.

சில அலுமினியத் தகடுகள், இரண்டு ஹோஸ்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் ஆயுளை நீட்டுவது இவைதாம். பாரம் இழுப்பவர்கள் முதல் செலவை இதற்கே செய்ய வேண்டும்.