மலேரியா ஒழிப்பில் பெருந்திரள் மருந்தளிப்பு

ஓர் ஊரில் காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே காலத்தில் மலேரியா மருந்து கொடுப்பது பெருந்திரள் மருந்தளிப்பு எனப்படும். நோய்க்குறி எதுவுமின்றி நடமாடுவோரின் இரத்தத்திலும் மலேரியா ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கொசு அவர்களிடமிருந்தும் அதை எடுத்துச் செல்லும். இந்த ஒட்டுண்ணி இருப்பை அறவே நீக்குவது இதன் நோக்கம்.

1900இல் ஜெர்மன் நியூகினியின் ஸ்டெபான்சோர்ட் தோட்டங்களில் மருத்துவர் ராபர்ட் கோக், தொழிலாளர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் சோதித்து, ஒட்டுண்ணி தென்பட்டோருக்குக் குயினைன் கொடுத்தார். மனித உடலிலேயே நோயை முடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். அதே ஆண்டில் இத்தாலி, ‘அரசுக் குயினைன்’ சட்டத்தை இயற்றியது. மருத்துவர் ஆஞ்செலோ செல்லி முதலியோரின் முயற்சியால், உப்பும் புகையிலையும் விற்ற அரசு உரிமக் கடைகளில் குயினைன் மலிவாகக் கிடைத்தது. பின்னர் ஏழைகளுக்கு இலவசமாகவும் வழங்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 ஆக இருந்த மலேரியா இறப்பு, 1914க்குள் சுமார் 2,000 ஆகக் குறைந்தது. பொதுச் சுகாதார வரலாற்றில் இது பெருஞ்சாதனை. ஆயினும் பரவல் நிற்கவில்லை. பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி இனத்தின் முதிர்ந்த பாலின வடிவங்களையும், வைவாக்ஸ் என்ற இன்னோர் இனம் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் வடிவத்தையும் குயினைன் அழிப்பதில்லை. அவற்றை அழிக்கப் பிரைமாகுயின் என்ற மருந்து வரவேண்டியிருந்தது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அம்மருந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் கவனம் தேவை.

1952இல் பிரேசிலின் மாரியோ பினோட்டி சமையல் உப்பில் குளோரோகுயினைக் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். யார் எவ்வளவு உப்புச் சேர்த்துக்கொள்வர் என்பதை எவரும் கட்டுப்படுத்த இயலாது. கைக்குழந்தைக்கு மருந்து போய்ச் சேர்வதேயில்லை. மருந்து கலந்த உப்பு வழங்கப்பட்ட தாய்லாந்து–கம்போடியா எல்லைப் பகுதியில் குளோரோகுயினுக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் பரவின. இம்முறை கைவிடப்பட்டது சரியே.

முழு வெற்றிக்குச் சிறந்த சான்று வனுவாட்டு நாட்டின் அனெய்ட்டியம் தீவு. 1991இல் அகிரா கனெக்கோ குழுவினர், அங்கிருந்த சுமார் 700 பேருக்கு ஒன்பது வாரம், வாரந்தோறும் குளோரோகுயினும் பிரைமாகுயினும் கொடுத்தனர். 1, 5, 9ஆம் வாரங்களில் சல்படாக்சின்–பைரிமெத்தமினும் சேர்ந்தது. மருந்தூட்டிய கொசுவலைகள் வழங்கப்பட்டன. கொசுப்புழு தின்னும் மீன்கள் நீர்நிலைகளில் விடப்பட்டன. பால்சிபாரம் மறைந்தது; 1996 முதல் வைவாக்சும் காணப்படவில்லை. 2002இல் வெளியிலிருந்து வந்த வைவாக்ஸ் மீண்டும் பரவியபோதும், கண்காணிப்பு தொடர்ந்ததால் அது அடக்கப்பட்டது. மருந்து மட்டும் இதைச் சாதித்திருக்காது.

2012 முதல் ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் மழைக்காலத்தில் மாதந்தோறும் சிறுவர்களுக்குத் தடுப்பு மருந்து அளிக்கப்படுகிறது. அதன் இலக்கு ஒழிப்பு அன்று, உயிர் காப்பு. பெருந்திரள் மருந்தளிப்புக்கான பரிந்துரைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்டது.