அந்நியரா, வம்சாவளியா? அராட்டா இசுமியின் பிரஜாவுரிமை பற்றி ஒரு மறுவாசிப்பு

மத்தியகள வீரர் அராட்டா இசுமியைப் பற்றி எழுதுவோர் ஒரு வரியைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள்: இந்தியாவுக்கு உதைபந்தாட ஜப்பானைத் துறந்த முதல் அந்நியர். 2025இன் இறுதியில் அவுஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றபோதும் அந்த வரி தூசு தட்டப்பட்டது. அதில் 'துறந்த' என்பது உண்மை. 'முதல்' என்பதோடு எனக்கு வழக்கில்லை. பதுளையில் இருந்துகொண்டு வாசிக்கும் எனக்கு உறுத்துவது 'அந்நியர்' என்ற சொல்தான். அந்தச் சொல்லை ஒருவர் தலையில் கட்டுவதற்கு முன் என்னென்ன தாள்களைப் புரட்டவேண்டும் என்பதை ஊவாத் தோட்டங்களில் மூன்று தலைமுறை படித்திருக்கிறது.

அவருடைய ஆட்ட வரலாறு தெரிந்ததே. ஜப்பானிலிருந்து சிங்கப்பூரின் அல்பிரெக்ஸ் நீகாட்டா, 2006இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், பிறகு மஹிந்திரா யுனைட்டெட், பூனே எஃப்.சி.; ஐ.எஸ்.எல். வந்தபின் கொல்கத்தா, கேரளா என்று போனார். ஆட்டக்காரர் கழகம் மாற, பழைய கழகம் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு சான்று வேண்டும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாற எங்கள் பாட்டன்மாருக்கும் ஒரு தாள் தேவைப்பட்டது. 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை அதற்குப் பெயர் 'துண்டு'. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கமாட்டேன். ஆட்டக்காரரின் தாள் அவருடைய விலையைச் சொல்லும். துண்டு சொன்னது ஆளின் கடனை.

பரவலான வாசிப்பு 2012இல் அவர் எடுத்த முடிவைத் தியாகமாகப் பார்க்கிறது. நீல ஜெர்சி மீது கொண்ட காதலுக்காக ஒரு வளமான நாட்டின் கடவுச்சீட்டையே விட்டெறிந்தாராம். நெகிழ்ச்சியான கதைதான். ஆனால் அவர் முன் இரண்டு கதவுகள் திறந்திருந்தால்தானே ஒன்றைத் துறந்தார் என்று சொல்லலாம்? இந்திய வம்சாவளி அட்டை மட்டும் வைத்திருப்போர் தேசிய அணிக்கு ஆடமுடியாது என்று 2008இன் இறுதியில் டில்லி அரசு விதித்துவிட்டது. இரட்டைப் பிரஜாவுரிமையை இந்தியா ஏற்பதில்லை. விரும்பி வேறொரு நாட்டின் பிரஜையாகிறவர் ஜப்பானியர் என்ற நிலையை அக்கணமே இழப்பார் என்கிறது ஜப்பானின் தேசியச் சட்டம். ஒன்றைக் கைவிடாமல் மற்றதைத் தொட வழியே இல்லை. பின்னாளில் இலங்கைக்கு ஆட வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்லினில் பிறந்த வசீம் ராசிக் கொழும்பில் ஆடினார். அவரை யாரும் துறவி ஆக்கவில்லை. 1987 முதல் எங்கள் சட்டம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடம் கொடுக்கிறது. வேறுபாடு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, மனிதரின் நெஞ்சில் தேடிப் பயனில்லை.

பிழைப்புக் கணக்கும் உண்டு. இந்தியக் கழகங்களில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. ஜப்பானியராக இருக்கும்வரை அந்தச் சில இடங்களில் ஒன்றை அவர் நிரப்பவேண்டும். இந்தியரானபின் அந்தப் போட்டியே கிடையாது. முப்பது வயதை எட்டிய மத்தியகள வீரருக்கு அது சிறிய விஷயமல்ல. அதற்காகத்தான் மாறினார் என்று நான் சொல்லவில்லை. காதல் மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் வைத்துப் பேசட்டும்.

இனி, நான் பிடித்துத் தொங்கும் ஒற்றைத் தேதிக்கு வருகிறேன். இசுமி பிறந்தது 1982 ஜூலை 31, ஷிமோனோசெகியில். தாய் ஜப்பானியர், தந்தை இந்தியர். இந்தத் தேதியைப் பலரும் வயது கணக்கிடவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஜப்பானின் தேசியச் சட்டம் தாய்வழியை ஏற்றது 1985 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் பிள்ளைக்குத் தேசியத்தைக் கொடுத்தவர் தந்தை. மறுபுறம், இந்தியாவின் 1955ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நான்காம் பிரிவு, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அன்று தந்தைவழியாக மட்டுமே வம்சாவளி உரிமை தந்தது. தாய்வழி அங்கே நுழைந்தது 1992இல். இரண்டு சட்டங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தால், 1982இல் இந்தத் தம்பதிக்குப் பிறந்த குழந்தையை ஜப்பானின் கதவு வெளியே நிறுத்துகிறது, இந்தியாவின் கதவு உள்ளே அழைக்கிறது. அந்நியர் என்கிறோமே, அவர் தொட்டிலில் இந்தியராகவே கிடந்திருக்கலாம்!

இந்த வாதம் ஒற்றைக் காலில் நிற்பது எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்த அன்று தந்தை இந்தியப் பிரஜையாக இருந்திருக்கவேண்டும். அவர் அதற்கு முன்பே ஜப்பானியராகியிருந்தால் நான் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். சரியாது என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் வருகிறது. 1965 முதல் 1984 வரை ஜப்பானியத் தாய்மாருக்குப் பிறந்தவர்கள் அறிவிப்புக் கொடுத்து ஜப்பானியராக 1987 டிசம்பர் இறுதிவரை அவகாசம் இருந்தது. அந்த வழியாகத்தான் அவர் ஜப்பானியரானார் என்றால், ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோர் கொடுத்த அறிவிப்பை, இந்தியச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு சொல்லும் 'தானாக விரும்பிப் பெற்ற' பிரஜாவுரிமை என்று கொள்ளலாமா? கொள்ளக்கூடாது என்றே நினைக்கிறேன். வழக்கறிஞர்கள் மறுக்கலாம்.

தந்தைவழி என்ற சொல் எங்கள் பக்கத்தில் யாரையும் திடுக்கிடவைக்கும். 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், பசறையிலோ தெமோதரையிலோ லயத்தில் பிறந்தவரிடம் அவருடைய பிறப்பைக் கேட்கவில்லை. தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. காட்டப் பத்திரம் இல்லாதவர்கள் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுப் பிரஜையாக மனுப் போட்டார்கள். மனுக்கள் சுமார் எட்டேகால் இலட்சம் பேரைப் பற்றியவை. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. மிச்சப்பேரை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்குபோட்டது. பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் போனவர்கள் தாங்கள் பார்த்திராத நாட்டுக்குத் 'திரும்பினார்கள்' என்று தாள் சொன்னது. இசுமி போன்ற ஒருவர் தந்தையின் நாட்டுக்கு வந்தால் மட்டும் தாள் ஏன் 'புதிதாகச் சேர்ந்தவர்' என்கிறது?

பெயரிலும் ஒரு பாடபேதம் உண்டு. ஜப்பானிய முறையில் குடும்பப் பெயரை முன்வைத்து இசுமி அராட்டா. இந்திய ஏடுகளில் முன்பின்னாக அராட்டா இசுமி. பிரஜாவுரிமையோடு வந்தது நீல்கண்ட் கம்போல்ஜா. 2013 பெப்ரவரி 6இல் கொச்சியில் பாலஸ்தீனத்திடம் இந்தியா 2–4 என்று தோற்ற ஆட்டத்தில்தான் அவர் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடினார். செய்திகள் அவரை அழைத்தது அராட்டா என்றே. எங்கள் வீட்டு றங்குப்பெட்டிகளிலும் இதே பேதம் கிடக்கிறது. செக்ரோலில் காத்தான், பிறப்புச் சான்றிதழில் காத்தமுத்து, பதிவுப் பிரஜைச் சான்றிதழில் தலையெழுத்தோடு கே. முத்து. மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தால்தான் பேரப்பிள்ளைக்கு அடையாள அட்டை நகரும். அதை முடித்தவரை யாரும் அந்நியர் என்பதில்லை. பேர் திருத்தியவர் என்றுதான் சொல்வார்கள்.

ஆக, 1985 ஜனவரிக்கும் 1987 டிசம்பருக்கும் இடையில் ஷிமோனோசெகியின் ஏதோ ஒரு மேசையில் கையெழுத்து விழுந்ததா என்பதில் இருக்கிறது விடை. அது தெரியும்வரை 'முதல் அந்நியர்' என்ற வரியில் முதல் சொல்லை விட்டுவைத்து, அடுத்த சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.