பட்டச் சிற்பம்

பட்டச் சிற்பம் என்பது துணியாலோ தாளாலோ முப்பரிமாண உருவம் செய்து, கயிற்றில் கட்டிக் காற்றில் ஏற்றிக் காட்டும் கலை. விளையாட்டுப் பொருள் என்ற வரிசையில் பட்டத்தை வைத்துவிடுவதால், சிற்பக்கலை நூல்களில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. அது சரியல்ல. உருவம், சமநிலை, பொருளின் தன்மை என்று சிற்பி கவலைப்படும் எல்லாவற்றையும் பட்டம் கட்டுபவரும் கவனித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இக்கலையைப் பெருங்கூட்டம் கண்டது செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில்தான். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் முடிந்த சில நாட்களில், 2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை, சுற்றுலாத் துறையின் முதல் பன்னாட்டுப் பட்டம் விடும் விழா மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது. 2024இல் விழா திருவிடந்தைக்கு மாறியது. ஆகஸ்டில் இக்கரையில் காலையில் மேல்காற்று அடிக்கும். வெயில் ஏறியபின் கடற்காற்று திரும்பும். ஒரே திசையில் சீராக வரும் இந்தக் கடற்காற்றுதான் பெரிய உருவங்களுக்கு ஏற்றது.

விழாவில் கண்ணைக் கவரும் மீன், திமிங்கிலம் போன்ற பெரிய உருவங்களில் குச்சியே கிடையாது. கிழிசல் பரவாதபடி கட்டங்கட்டமாகத் தடித்த இழை கோத்து நெய்த நைலான் துணியால் தைத்தவை அவை. வாய்ப்பகுதியில் வலைத்துணி வைத்திருப்பார்கள். அதன் வழியே காற்று புகுந்து உடலை நிரப்பும். உள்ளே துணித் தடுப்புகள் உண்டு. எந்த இடம் எவ்வளவு உப்ப வேண்டும் என்பதை அவையே முடிவு செய்யும். தடுப்பை ஒரு விரற்கடை கூடுதல் அகலமாக வெட்டிவிட்டால் மீனின் வயிறு மத்தளமாகிவிடும். பல உருவங்கள் தாமாக ஏறுவதில்லை. முதலில் ஒரு தூக்குப் பட்டத்தை ஏற்றி, அதன் கயிற்றில் இவற்றைக் கட்டுகிறார்கள். காற்றால் நிரம்பும் பட்டத்தை 1964இல் அமெரிக்காவின் டொமினா ஜால்பர்ட் உருவாக்கினார். அதைப் பிரம்மாண்ட உருவங்களாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்தின் பீட்டர் லின்.

தாளும் மூங்கிலும் கொண்டு செய்யும் பட்டச் சிற்பத்தின் தமிழ் மையம் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. தைப்பொங்கலன்று அங்கே நடக்கும் விசித்திரப் பட்டப் போட்டியில் பறவை, விமானம், கப்பல் என உருவங்கள் வானேறும். சிலவற்றில் உறுப்புகள் அசையும். சில இரவில் விளக்கெரிய நிற்கும். மூங்கிலைச் சீவிச் சலாகையாக்கி, வளைத்துக் கட்டி, மெல்லிய வண்ணத்தாள் ஒட்டுகிறார்கள். பிறகுதான் கடினமான வேலை: முச்சை கட்டுதல், அதாவது பட்டத்தை ஏற்றுகயிற்றோடு இணைக்கும் கயிறுகளைக் கட்டுதல். கப்பலுக்குச் சிறகில்லை, பாய்மரமும் பக்கச்சுவர்களும் காற்றைத் தாறுமாறாக இழுக்கும். அப்படிப்பட்ட உருவம் தலைகுப்புற விழாமல் நிற்க, முச்சைக் கயிறுகளின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் கையிலேயே சமன் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பட்டத்தின் மேல் விண் பூட்டும் வழக்கமும் உண்டு. விண் என்பது வில்லில் இழுத்துக் கட்டிய நாடா; அது காற்றில் அதிரும் ஒலி ஊர் முழுதும் கேட்கும். பெரிய பட்டத்தின் இழுவை சாதாரணமானதல்ல: 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவரைப் பட்டமே மேலே தூக்கிச் சென்றது. அவர் உயிர் தப்பினார்.

துணியையும் தாளையும் சிற்பப் பொருளாக உலகக் கலைக்கூடங்கள் ஏற்றுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகின்றன. பின்லாந்தின் காரினா கைக்கோனென் 2000இல் ஹெல்சிங்கி பேராலயப் படிக்கட்டு முழுவதும் ஆயிரக்கணக்கான ஆண்களின் கோட்டுகளைப் பரப்பினார். பழைய சட்டைகளை வெட்டவெளியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுவதும் அவர் பாணி. அவற்றைச் சிற்பம் என்று ஏற்கும் நாம், வல்வெட்டித்துறைக் கப்பல் பட்டத்தையும் அப்படியே ஏற்க வேண்டும்.

 

சுற்றுலாத் துறை விழாவின் குறை ஒன்றுதான். அங்கே பறப்பவற்றில் தைத்த நைலான் உருவங்களே மிகுதி; மூங்கிலும் தாளும் அறிந்த கைகளுக்கு இடம் குறைவு. விழா தொடங்கிய மாமல்லபுரம், கல் சிற்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரி இருக்கும் ஊர். வல்வெட்டித்துறைக் கலைஞர்களை அங்கே வரவழைத்து, மாணவர்களோடு உட்கார்ந்து பட்டம் கட்ட வைப்பதை அடுத்த விழாவிலேயே அரசு தொடங்க வேண்டும்.