கூலிக் கணக்கில் பருவத்தின் வரலாறு

நீலக்குறிஞ்சியைப் பற்றிப் பேசாத நீலகிரிக்காரர் இல்லை. 1838 முதல் அது பூத்த ஆண்டுகள் வரிசையாகத் தெரியும். கடைசியாக 2018, அடுத்தது 2030. ஆனால் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டை எண்ணிப் பூக்கும் செடி. வெயிலும் பனியும் நாள் மாறி வருவதை அறிய, வருடாவருடம் எந்தத் தேதியில் துளிர்த்தது, எப்போது காய்த்தது என்ற கணக்கு வேண்டும்.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் விடாமல் படிப்பேன். பர்கண்டிப் பகுதியில் போன் என்றொரு ஊர். அங்கே திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை 1354 முதல் திரட்டி, 2019இல் வெளியிட்டார்கள். அறுவடை ஆட்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, நகர சபைக் குறிப்பு, செய்தித்தாள் இவைதான் ஆதாரம். வெயில் கூடினால் பழம் முன்கூட்டியே பழுக்கும். 1988 முதல் அறுவடை, பழைய சராசரிக்கு 13 நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. கூலிக் கணக்கு எழுதிய குமாஸ்தா தட்பவெப்பத்தை நினைத்தா எழுதியிருப்பார்?

நம் எஸ்டேட்டுகளிலும் செக்ரோல் உண்டு; தினமும் கொழுந்து எடை எழுதும் ஏடு உண்டு. உறைபனியில் இலை கருகினால் எடை இறங்கும். கோடை மழைக்குப் பின் ஏறும். கவாத்து, உரம் இவற்றைக் கழித்துப் பார்த்தால், பருவம் நகர்ந்ததா என்பது அதில் தெரியும்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த அன்பர்களே, பழைய ஏடோ டைரியோ வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.