தேரிக்காட்டு வண்டு

வண்டின் வலது முன்கையாக இப்போது இருப்பது நான்காவது. முதல் கை பனையில் மோதி முறிந்தது. இரண்டாவது ஒரு கிணற்றுச் சுவரில். மூன்றாவது முறியவே இல்லை. அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கிய கார்பன் ஃபைபர், நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டு வந்தது. மோட்டார் திருகு பிடிக்காமல் ஆட ஆரம்பித்ததும் நானே கழற்றிவிட்டேன். மூன்றையும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பனையில் முறிந்த கை கத்தியால் வெட்டினாற்போல நேராகப் போயிருக்கிறது. கிணற்றுச் சுவரில் முறிந்தது தேய்ந்த துடைப்பம் மாதிரி நார் நாராக விரிந்திருக்கிறது. அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பதை அந்த முறிவைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வண்டு என்பது நான் கட்டிய எஃப்.பி.வி. டிரோன். ஐந்து அங்குல விசிறி நான்கு, கறுப்புச் சட்டம், மூக்கில் ஒரு கேமரா, பேட்டரியோடு சேர்த்து 680 கிராம். கேமரா காண்பதை அந்த நொடியே என் கண்ணில் மாட்டியிருக்கும் காகிள்ஸில் கண்டு ஓட்டுவேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் டிரோனுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அது கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். இது நிற்காது. சாய்த்தால் சாய்ந்தே இருக்கும். நிமிர்த்துவது ஓட்டுகிறவன் வேலை.

2022 பிப்ரவரி 9-ஆம் தேதி, வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. முழுதாகக் கட்டியதும் வரக்கூடாது, பிரித்துப் பெட்டியில் போட்டதும் வரக்கூடாது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அந்த வருஷம் ஜூனில்தான் வண்டின் உடம்பு ஒவ்வொரு பொட்டலமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதலில் சட்டம். பத்து நாள் கழித்து மோட்டார் நான்கு. பிறகு கட்டுப்பாட்டுப் பலகையும், மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இ.எஸ்.சி. பலகையும். கடைசியாகக் கேமரா. ஒரு மாதம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவர் மாமா. தூத்துக்குடியில் முப்பது வருஷம் ரேடியோ, டிவி பழுது பார்த்தவர். டிரோனை அவர் அதற்குமுன் கையில் எடுத்ததில்லை. ஆனால் பலகையைப் பார்த்ததும் எது எங்கே போகும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “ஈயம் பளபளன்னு நிக்கணும் மருமவனே. மங்கிப்போச்சுன்னா பிடிக்கலன்னு அர்த்தம். ஊதி ஆற வைக்காத.” மோட்டாரின் மெல்லிய கம்பிகள் எளிதாக ஒட்டின. பேட்டரி ஒயர்தான் படுத்தியது. தடித்த செம்பு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்; கூர்முனை வைத்த சால்டரிங் அயர்னால் எத்தனை நேரம் அழுத்தினாலும் ஈயம் பரவாது. மாமா தன் பழைய தட்டை முனை அயர்னை எடுத்துவந்து இரண்டு நொடியில் ஒட்டிக் காட்டினார்.

முதன்முதலில் பேட்டரி கொடுக்கும் நாள்தான் இந்த வேலையில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் நாள். ஆறு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 25.2 வோல்ட். எங்காவது ஒரு சொட்டு ஈயம் தவறான இடத்தில் கிடந்தால், கண் இமைப்பதற்குள் பலகை புகைந்துவிடும். மாமா லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று வாங்கிவரச் சொன்னார். பேட்டரிக்கும் டிரோனுக்கும் நடுவில் அதைத் தொடராக இணைத்தோம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரியும். மின்சாரம் பல்போடு நின்றுபோகும், பலகை பிழைத்துக்கொள்ளும். செருகினோம். பல்பு ஒரு மின்னு மின்னி அணைந்தது. பேட்டரி முனையில் நாங்கள் ஒட்டியிருந்த கெப்பாசிட்டர் நிரம்பிய வெளிச்சம் அது. பலகையில் நீல விளக்கு எரிய, நான்கு மோட்டாரும் வரிசையாகச் சிணுங்கின.

அந்தப் பல்பு பிடிக்க முடியாத பிழை ஒன்று உள்ளே இருந்தது. மோட்டாரைக் கையில் பிடிக்கும் திருகின் நீளம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்: கையின் கனம் 5, மோட்டாருக்குள் இறங்க 3. ஒரு மோட்டாருக்கு மட்டும் நான் 10 மில்லிமீட்டர் திருகைப் போட்டுவிட்டேன். கூடுதலான அந்த இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போய்ச் செம்புச் சுருளைக் கீறியிருந்தது. சுற்ற விட்டதும் அந்த மோட்டார் மட்டும் வலிப்பு வந்தது போலத் துடித்தது. வார்னிஷ் கருகும் வாடை. கழற்றிப் பார்த்தால், நான்கு திருகும் தொட்ட நான்கு இடத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. பறப்பதற்கு முன்பே ஒரு மோட்டார் போயிற்று. அன்றிலிருந்து திருகைப் போடுமுன் கையின் கனத்தோடு வைத்து அளக்காமல் போடுவதில்லை.

வண்டின் மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பரம்பரை ஒரு விளையாட்டுச் சாமானில் தொடங்குகிறது. 2009-இல் நின்டெண்டோ நிறுவனம் தன் வீ விளையாட்டுக் கருவிக்கு மோஷன் பிளஸ் என்று ஒரு துணைக்கருவி விற்றது. ரிமோட்டின் அடியில் செருகினால், கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உணரும். உள்ளே இருந்தது கைரோ சென்சார். அதைப் பிரித்து எடுத்து, ஆர்டுயினோ என்ற எளிய பலகையோடு சேர்த்து, பறக்கும் பொருளைச் சமநிலையில் வைக்கலாம் என்று செய்து காட்டியவர் பிரான்சின் அலெக்ஸாந்தர் துபூ. 2010-இல் வந்த அவருடைய நிரலின் பெயர் மல்ட்டிவீ. அந்த ‘வீ’ விளையாட்டுக் கருவியின் வீதான். நிரலை அவர் பூட்டி வைக்கவில்லை. அதிலிருந்து பேஸ்ஃப்ளைட் வந்தது, அதிலிருந்து கிளீன்ஃப்ளைட், 2015-இல் பீட்டாஃப்ளைட். வண்டுக்குள் ஓடுவது பீட்டாஃப்ளைட். நொடிக்கு 8000 முறை கைரோவைக் கேட்டு, ‘எவ்வளவு திரும்பச் சொன்னார்கள், எவ்வளவு திரும்பியிருக்கிறோம்’ என்று கணக்குப் பார்த்து, நான்கு மோட்டாருக்கும் கட்டளை அனுப்புகிறது. காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்களின் உழைப்பு இது. நாசரேத் பக்கத்தில், தேரி என்ற செம்மணல் மேட்டில் நிற்கும் எனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறை அது தரையை விட்டு எழும்பும்போதும் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

பறக்கவிடும் இடம் நண்பனின் சித்தப்பா நிலம். செம்மண் தேரி, வரிசை தப்பிய பனைகள், அங்கங்கே குடை விரித்த உடைமரம். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு இரண்டு மாதம் விழுந்து விழுந்து பழகிய பிறகே அங்கே போனேன். 2021-இல் வந்த டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை; வருமானத்துக்கு அல்லாமல் பொழுதுபோக்காக ஓட்டினால் பைலட் உரிமம் வேண்டாம். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் 120 மீட்டர் உயரம் வரை போகலாம். காகிள்ஸ் மாட்டியவனுக்குச் சுற்றுப்புறம் தெரியாது. அதனால் நண்பன் பக்கத்திலேயே நின்று வெறுங்கண்ணால் டிரோனைப் பார்த்துக்கொண்டிருப்பான். “வடக்க ஆளு வாராங்க” என்பான், உடனே இறக்கிவிடுவேன்.

முதல் பறத்தலை எப்படிச் சொல்வது? நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், கால் மணலில் இருக்கிறது, ஆனால் கண் பனையின் கொண்டைக்கு மேலே ஏறிவிட்டது. சிறு வயதிலிருந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்த பனைகள். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வட்டக் கோலம். ஓலைகள் நடுவிலிருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் சமமாக விரிகின்றன. நடுக்குருத்து மட்டும் இளம் பச்சை. மூச்சை விட மறந்தேன். நான்கு நிமிஷத்தில் பேட்டரி இறங்கிவிட்டது.

அடுத்த சித்திரையில் அந்தப் பனைகளில் ஒன்றுதான் முதல் கையை வாங்கியது. இரண்டு பனைக்கு நடுவில் புகுந்து போகப் பார்த்தேன். ஒரு மட்டை காற்றில் அசைந்தது. காகிள்ஸில் ஒரே பச்சை, பிறகு அசையாத வானம். அறுபது அடி உயரத்தில் ஓலைக்குள் செருகிக்கொண்டு கிடந்தது. பதநீர்க் காலம் என்பதால் பனையேறி அண்ணாச்சி சாயங்காலம் பாளை சீவ வந்தார். “நான் எடுத்துத் தாரேன் தம்பி. அது ஓடாதுல்லா?” என்று கேட்டார். மோட்டாரை அணைத்துவிட்டேன், ரிமோட்டைக் கையை விட்டு வைக்கமாட்டேன், தலைகீழாகப் பிடித்துப் பேட்டரி ஒயரை முதலில் உருவிவிடுங்கள் என்று சொன்னேன். தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறினார். அவர் இறங்கும்வரை நான் ரிமோட்டின் பொத்தான்களைத் தொடவே இல்லை. கீழே வந்து அரைக்கச்சையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “ஓலையிலதான் கெடந்துது. மட்டைக் கருக்குல விழுந்திருந்தா ஒயரெல்லாம் அறுத்திருக்கும்.” பனைமட்டையின் இரண்டு விளிம்பிலும் இருக்கும் அரம் போன்ற பல்தான் கருக்கு. அன்றிரவு டிரோனைக் கழற்றியபோது கேமரா ஒயரின் மேலுறையில் வரிசையாக மூன்று சிறு வெட்டுகள் இருந்தன. உள்ளே செம்பைத் தொடவில்லை. ஒயரை மாற்றினேன், கருக்கு பதித்த அந்தத் துண்டையும் இழுப்பறையில் போட்டேன்.

புதுக் கை பொருத்தும்போது துளை சற்றுப் பொருந்தவில்லை, அரம் போட வேண்டியிருந்தது. கார்பன் ஃபைபர் தூள் மூச்சில் போகக்கூடாது, தோலில் பட்டாலும் அரிக்கும். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, கையை அதில் நனைத்து நனைத்துத் தேய்ப்பேன். தண்ணீர் மை மாதிரி கறுத்துவிடும். இந்தப் பொருள் மின்சாரத்தையும் கடத்தும். தோல் உரிந்த ஒரு ஒயர் சட்டத்தைத் தொட்டால் போதும், உடம்பு முழுதும் ஷார்ட். அதனால் ஒயர் உரசும் விளிம்புகளிலெல்லாம் துணி டேப் சுற்றியிருக்கிறேன்.

தேரியில் விழுகிற டிரோனுக்கு என்று தனி வியாதி ஒன்று உண்டு. செம்மணலுக்குள் இரும்புத் தாது கலந்த கருந்துகள்கள் இருக்கின்றன. மோட்டாரின் மேல்மூடிக்குள் வட்டமாக ஒட்டியிருப்பவை 14 காந்தங்கள். விழுந்த நொடியில் அந்தத் துகள்களையெல்லாம் அவை இழுத்துக்கொள்ளும். ஊதினால் போகாது, பிரஷ் போட்டால் ஒரு காந்தத்திலிருந்து அடுத்ததற்கு நகரும், அவ்வளவுதான். மூடியைக் கழற்றி, செலோடேப்பின் பசைப்பக்கத்தை விரலில் சுற்றி, ஒவ்வொரு காந்தமாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு மோட்டாருக்கு அரை மணி நேரம். எடுத்த டேப்பை வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு மீசை மாதிரி துகள்கள் சிலிர்த்து நிற்கும். எனக்குப் பிடித்த வேலை இது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு செய்வேன்.

வண்டு என்று பெயர் வைத்தது நான் இல்லை, ஆடு மேய்க்கும் ஆச்சி. 2023 ஐப்பசியில் ஒரு நாள் ரிமோட் தொடர்பு அறுந்து, டிரோன் எங்கோ உடைமரங்களுக்குள் விழுந்தது. காகிள்ஸில் பதிவான கடைசிக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம்: மணல், முள், மணல். மோட்டாரைச் சுற்றவிடாமல், அதன் சுருளுக்குள் மட்டும் மின்சாரத்தை அதிரவிட்டு ‘கீ கீ’ என்று சத்தம் எழுப்ப பீட்டாஃப்ளைட்டில் வழி இருக்கிறது. கிட்டே நடந்தால் ரிமோட் தொடர்பு மறுபடி கிடைக்கும், அப்போது கத்தவிடலாம். ஒரு மணி நேரம் நடந்தோம், கத்தவிட்டோம், காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சிக்குத்தான் கேட்டது. “ஏய்யா, உன் வண்டு அந்தா அந்த ஒடைமரத்தடியில கெடந்து கத்துது. ஆடெல்லாம் மெரளுது, வந்து எடு.” முள்ளுக்குள் கைவிட்டு எடுத்தபோது ஒரு விசிறிகூட மிச்சமில்லை. பேட்டரியில் முள் குத்தாமல் இருந்தது பெரிய விஷயம். லித்தியம் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கக்கூடும். காய்ந்த உடைமரக் காட்டில் அப்படி ஒன்று நடந்திருந்தால் என்ற நினைப்பு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு காற்று அடிக்கும் நாளில் அந்தப் பக்கம் விடுவதில்லை. வண்டியில் எப்போதும் ஒரு வாளி மணலும் வந்துவிடுகிறது.

2024-இல் வண்டுக்கு வேறு விதமான அடி விழுந்தது, மோதலே இல்லாமல். இ.எஸ்.சி. பலகைக்குள் ஓடிய நிரல் பி.எல்.ஹெலி 32. மூடிய நிரல். அதை உருவாக்கியவர்கள் அந்த வருஷம் வேலையை நிறுத்திக்கொண்டார்கள். பழையது ஓடும், ஆனால் இனி அதில் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது. ஏ.எம். 32 என்ற திறந்த நிரல் அதற்கு மாற்றாக இருந்தது. பலகையில் ஊசிமுனை அளவு புள்ளிகளில் நான்கு ஒயரைப் பிடித்து, ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக ஏற்றினேன். பல்பை மறுபடி தொடரில் மாட்டினேன். மாமா அப்போது உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். வீடியோ காலில் பல்பைக் காட்டினேன். மின்னி அணைந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

பழுது பார்க்க முடியாத பொருளை வாங்கவே இப்போதெல்லாம் மனசு வருவதில்லை. வண்டில் முதல் நாளிலிருந்து மாறாமல் இருப்பவை அடித்தட்டும், கட்டுப்பாட்டுப் பலகையும், மாமா ஒட்டிக்கொடுத்த பேட்டரி ஒயரும். அந்த ஒட்டு இன்றும் பளபளக்கிறது.

இப்போது ஆடி. தேரி முழுக்க மணல் புகைகிறது, பறக்கவிட வழியில்லை. வண்டு மேசை மேல் இருக்கிறது. பின் இடது மோட்டாரை விரலால் சுற்றியபோது ஓர் இடத்தில் மட்டும் ‘கிர்’ என்று தட்டியது. காந்தங்களைத் துடைத்துப் பார்த்தும் அது போகவில்லை, பேரிங் போயிருக்கிறது. வெளிவட்டம் 9 மில்லிமீட்டர், உள்வட்டம் 4. நேற்று பழையவை இரண்டையும் தட்டி எடுத்தேன். விரித்திருந்த காகிதத்தில் மூன்று சிவப்பு மணல் துகள்கள் உதிர்ந்தன. புதிய பேரிங் இரண்டும் வியாழக்கிழமை வருகின்றன.