பத்தொன்பது அடிப் படம்

என் தங்கை மகனுக்குப் புகைப்படப் பைத்தியம். கல்யாணப் படம், காதுகுத்துப் படமெல்லாம் அவனுக்குப் பிடிக்காது. ஆறு, வயல், வானம் இவைதான் வேண்டும். சென்ற தை மாதம் கையிலிருந்த நல்ல காமிராவை விற்று, மேலும் பெருந்தொகை போட்டு, 'மீடியம் பார்மட்' என்னும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கி வந்துவிட்டான். தங்கை என்னிடம் வந்து முறையிட்டாள். கண்டிக்கப் போன நான்தான் அவன் பேச்சில் அகப்பட்டுக் கொண்டேன்.

"மாமா, பழைய காமிராவில் தஞ்சாவூர் வயலை எடுத்தால் பச்சைக் குழம்பு மாதிரி இருக்கிறது. மலையா, பாறையா, கண் நிற்பதற்கு? இதிலே தாள் தாளாக எண்ணலாம்."

அவன் சொன்ன கணக்கு இது. பழைய காமிராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லு 36 மில்லிமீட்டருக்கு 24. புதியதில் 44-க்கு 33. பரப்பில் ஏறக்குறைய 1.7 மடங்கு. இந்த அரை மடங்குச் சொச்சத்துக்காகவா இத்தனை பணம் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு லின்னேயஸ் டிரைப்பின் நினைவு வந்தது.

டிரைப் ஒரு வெள்ளைக்காரக் காப்டன். சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்தவர். 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவுடன் போய்ப் படம் பிடித்தார். பிறகு சென்னை ராஜதானி அரசாங்கமே அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றியவர், 1858-ம் வருஷம் கோடை பிறக்கும் சமயத்தில் தஞ்சாவூரில் இருந்தார். வடக்கே சிப்பாய்க் கலகத்தின் புகை இன்னும் அடங்கவில்லை. தஞ்சை அரண்மனையோ சந்தடி ஓய்ந்து கிடந்தது. கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும், கும்பெனியார் அந்த அரச பட்டத்தையே முடித்துவிட்டிருந்தார்கள்.

அவருடைய காமிராவுக்குள் வைத்த காகிதத்தின் அளவு ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12. மருமகனின் புதிய சில்லைப் போல் சுமார் 80 மடங்கு! ஏன் இவ்வளவு பெரிசு? அன்று படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் இல்லை. நெகடிவைப் படக் காகிதத்தின்மேல் ஒட்ட வைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகடிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமா? பெரிய பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றத்தான் வேண்டும்.

அந்த நாளில் கண்ணாடித் தகடுதான் புது நாகரிகம். காகிதத்தைவிட நுணுக்கமாக விழும். ஆனால் மருந்து ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியும் ஆகவேண்டும். பங்குனி வெயிலில் அது நடக்கிற காரியமா? மெழுகு ஏற்றிய காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, படம் எடுத்த பிறகும் சாவகாசமாகக் கழுவலாம். டிரைப் தமது பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார். கருவி மாற்றுகிறவர்கள் கடைக்காரனைக் கேட்கிறார்கள். இவர் வெயிலைக் கேட்டார்.

அவர் தஞ்சையில் எடுத்தவற்றுள் நந்தி உண்டு, சுப்பிரமணியர் கோயில் உண்டு, அரண்மனை உண்டு. எனக்கு வியப்பைத் தருவது வேறு படம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, காமிராவைத் தள்ளித் தள்ளி வைத்து, துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம்!

அந்த எழுத்துக்கள் என்ன சொல்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கென்ன, நம்மவர்களிலேயே பலர் அந்தக் கோயிலைக் கரிகாலன் கட்டினான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து, கல்வெட்டுகளை மையொற்றிப் படித்து, கட்டியவன் ராஜராஜன் என்று நிலைநாட்டியது 1886-ஐ ஒட்டித்தான். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே, படிக்கத் தெரியாத ஒருவர் அத்தனை பொறுமையாகப் படம் பிடித்திருக்கிறார்.

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்கும் போனார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகள் குறுக்கிடும் பாதை. இரு பக்கமும் வயல். அந்த வயலை அவர் ஏன் தேடிப் போகவில்லை? பங்குனி, சித்திரையில் சம்பா அறுவடை முடிந்து வெறும் தாள்தான் நின்றிருக்கும் என்பது ஒன்று. பயிர் நின்றிருந்தாலும் பயனில்லை. அன்றைய மருந்துக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிக்கும். பச்சை கறுத்துப் போகும், வானம் வெளுத்துப் போகும். வெளுத்த வானத்துக்கு அவரே நெகடிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டியதும் உண்டு. போதாக்குறைக்கு, படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். கல் அசையாது நிற்கும். நெற்பயிர் நிற்குமா?

ஆனால் நெல் அடியோடு தப்பிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்ற கணக்கு அவற்றில் வரிவரியாக இருக்கிறது.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யனுக்கு இது அரசாங்கத்துக்குத் தகாத ஆடம்பரச் செலவாகத் தோன்றியது. இலாகாவை மூடச் சொல்லிவிட்டார். டிரைப் பட்டாளத்துக்குத் திரும்பினார். பிறகு அபூர்வமாகத்தான் காமிராவைத் தொட்டார். 1902-ல் இங்கிலாந்தில் காலமானார்.

இதையெல்லாம் நினைத்ததும் மருமகனைக் கண்டிக்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது. டிரெவெல்யன் வேஷம் போட எனக்கு ஆசையில்லை. மறுநாள் விடியுமுன் அவனோடு திருவையாற்றுப் பாதையில் ஒரு வரப்பில் போய் நின்றேன். முக்காலியை ஊன்றிப் பெட்டியைப் பொருத்தினான். கிழக்கே வெளுத்தது. கதிர் சாய்ந்த சம்பாவின்மேல் பனி. காமிராவைப் பார்ப்பதும் வயலைப் பார்ப்பதுமாக இருந்தானே தவிர, விசையை அழுத்தக் காணோம்.

"என்னடா, எடுக்கவில்லையா?"

"காற்று, மாமா. கொஞ்சம் நிற்கட்டும்."