பல் இம்ப்ளாண்ட்

பல் இம்ப்ளாண்ட் என்பது, இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கப்படும் செயற்கை வேர். பெரும்பாலும் டைட்டானியத்தால் செய்யப்படும் இந்தத் திருகைச் சுற்றி எலும்பு வளர்ந்து இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் பின் அதன்மேல் பல் வடிவிலான கேப் பொருத்தப்படும். ஒரே ஒரு பல்லை ஈடுசெய்யவும், பல பற்களுக்கான பிரிட்ஜைத் தாங்கவும், பற்களே இல்லாத வாயில் பல்செட்டை ஆடாமல் பிடித்து வைக்கவும் இது பயன்படுகிறது. நன்றாகத் திட்டமிட்டு வைக்கப்பட்டு, நன்றாகப் பேணப்பட்டால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்ப்ளாண்ட்கள் வாயில் நிலைத்திருக்கின்றன. ஆனால் அந்த வெற்றியைத் தீர்மானிப்பவை எலும்பின் நிலையும் ஈறின் சுத்தமும்தான். திருகின் விலையோ பிராண்டோ அதற்குப் பிறகே வருகின்றன.

பல் போனபின் தாடையில் நடப்பது

இயற்கைப் பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று உண்டு. மெல்லும்போது உண்டாகும் அழுத்தத்தை இதுவே தாங்கி எலும்புக்குக் கடத்துகிறது. அந்தத் தூண்டுதலால்தான் வேரைச் சூழ்ந்த எலும்பு தன் பருமனைக் காத்துக்கொள்கிறது. பல்லைப் பிடுங்கியதும் தூண்டுதல் நின்றுவிடும். எலும்பு கரையத் தொடங்கும். பிடுங்கிய இடத்தில் தாடை விளிம்பின் அகலம் ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதியாகக் குறையலாம். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்து முடிகிறது.

இழப்பு அந்த ஒரு இடத்தோடு நிற்பதில்லை. பக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் தடுப்பின்றி நீண்டு இறங்கும். கடி மாறும், உணவு சிக்கும், சொத்தைக்கும் ஈறு நோய்க்கும் இடமுண்டாகும். எல்லாப் பற்களையும் இழந்து நெடுங்காலம் ஆனவர்களுக்குக் கன்னம் ஒட்டி, உதடு உள்வாங்கி, முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்குவதற்கும் எலும்புக் கரைவே காரணம். பல்லைப் பிடுங்கும் நாளிலேயே அடுத்து என்ன செய்வது என்று பேசி முடிவெடுத்தால் பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

அமைப்பு

இம்ப்ளாண்டுக்கு மூன்று பகுதிகள் உண்டு. எலும்புக்குள் இருப்பது மரையுள்ள திருகு. இது பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை விட்டமும், 8 முதல் 14 மில்லிமீட்டர் வரை நீளமும் கொண்டது. ஈறைத் துளைத்து மேலே வரும் இணைப்புத் துண்டு அபட்மென்ட். அதன்மேல் அமர்வது பீங்கான் அல்லது சிர்கோனியா கேப். கேப்பைச் சிமெண்ட் கொண்டு ஒட்டலாம், திருகியும் மாட்டலாம். ஒட்டும் முறையில் ஈறுக்கடியில் சிமெண்ட் எச்சம் தங்கினால் அழற்சி உண்டாகும். திருகும் முறையில் தேவைப்படும்போது கேப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும்.

டைட்டானியம் காற்றில் பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகிறது. அரிப்பைத் தடுப்பதும், உடல் அந்த உலோகத்தை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதும் இந்தப் படலத்தால்தான். தொடக்க கால இம்ப்ளாண்ட்களின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. இன்று துகள்களை வீசிச் சொரசொரப்பாக்கி, அமிலத்தால் அரித்து நுண்குழிகள் உண்டாக்குகிறார்கள். எலும்புச் செல்கள் பற்றுவதற்கான பரப்பு அதனால் கூடுகிறது.

வரலாறு

இழந்த பல்லின் இடத்தில் வேறொன்றைப் பதிக்கும் முயற்சி மிகப் பழையது. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில் 1931இல் கிடைத்த, கி.பி. 600ஐ ஒட்டிய மாயா காலத் தாடை ஒன்றில் கீழ் வெட்டுப்பற்கள் மூன்றின் இடத்தில் சிப்பி ஓட்டுத் துண்டுகள் இருந்தன. 1970இல் எடுத்த எக்ஸ்ரேயில் அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. இறந்தவருக்குச் செய்த அலங்காரமன்று, உயிரோடிருந்தவருக்குச் செய்த வேலை என்பதற்கு அதுவே சான்று.

1809இல் மாஜியோலோ பல் பிடுங்கிய குழியில் தங்கத்தாலான வேரைப் பொருத்தினார். அமெரிக்காவின் கிரீன்ஃபீல்ட் 1913இல் இரிடியம், பிளாட்டினம் கம்பிகளால் ஆன கூடு வடிவ வேரை விவரித்தார். 1930களின் இறுதியில் ஸ்ட்ராக் சகோதரர்கள் விட்டாலியம் என்ற கலப்புலோகத் திருகுகளை முயன்றார்கள். 1960களில் லியோனார்ட் லிங்கோவின் தகடு வடிவ இம்ப்ளாண்ட் பரவலாயிற்று. இவற்றில் சில பல ஆண்டுகள் நிலைத்தன. ஆயினும் உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே நார்த்திசு வளர்ந்து, ஆட்டம் கண்டு, நோய்த்தொற்றில் முடிந்தவை பல.

திருப்பம் சுவீடனிலிருந்து வந்தது. எலும்புக்குள் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பெர்-இங்வார் பிரானெமார்க் (1929–2014), முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு கொண்ட நுண்நோக்குக் கருவியைப் பதித்தார். ஆய்வு முடிந்து எடுக்கப்போனபோது எலும்பு அதை விடவில்லை. உயிருள்ள எலும்பும் டைட்டானியமும் நடுவில் வேறு திசுவின்றி இணைய முடியும் என்ற இந்தக் கண்டறிதலை அவர் பல்லாண்டுகள் விலங்குகளில் சோதித்தார். 1965இல் கோதன்பர்க் நகரில், தாடைக் குறைபாட்டோடு பிறந்து பற்கள் இல்லாமல் வாழ்ந்த ஒருவரின் கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளாண்ட்கள் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவற்றோடுதான் உண்டார்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆந்த்ரே ஷ்ரோடரும் தனி வழியில் இதே முடிவை எட்டி, 1976இல் நுண்ணோக்கிச் சான்றோடு வெளியிட்டார். எனினும் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. பிரானெமார்க் குழுவினர் 1977இல் பத்தாண்டு அனுபவத்தையும் 1981இல் பதினைந்தாண்டு முடிவுகளையும் வெளியிட்டார்கள். 1982இல் ஜார்ஜ் சார்ப் ஏற்பாடு செய்த டொராண்டோ மாநாட்டில் இந்தச் சான்றுகள் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முன் வைக்கப்பட்டன. இம்ப்ளாண்ட் உலகெங்கும் பாடத்திட்டத்துக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் வந்தது அதன் பிறகே.

எலும்போடு இணைதல்

திருகை முடுக்கியதும் கிடைக்கும் பிடிப்பு வெறும் இயந்திரப் பிடிப்பு. துளையிட்டபோது காயமுற்ற எலும்பை உடல் முதலில் கரைத்து அகற்றும். பிறகுதான் உலோகத்தின்மேல் புது எலும்பைக் கட்டும். பழைய பிடிப்பு தளர்ந்து புதியது முழுமையடையாத இடைக்காலம், பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை, மிக மென்மையான கட்டம். அப்போது மிகுந்த பாரம் விழுந்து திருகு அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரும், இம்ப்ளாண்ட் தோற்கும்.

எலும்புச் செல்களுக்கு வெப்பம் பகை. 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் பட்டாலே எலும்பு சேதமடைவதைச் சுவீடன் ஆய்வாளர்கள் முயல் எலும்பில் காட்டினார்கள். கூர்மையான துளைப்பான்களைப் படிப்படியாகப் பெரிதாக்கிப் பயன்படுத்துவதும், குளிர்ந்த உப்புநீரை இடைவிடாமல் பாய்ச்சுவதும் அதனால்தான்.

பிரானெமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் சொன்னார். இன்றைய சொரசொரப்பு மேற்பரப்புகளால் பலருக்கு இந்தக் காலம் குறைந்திருக்கிறது.

சிகிச்சையின் படிகள்

முதலில் வாய்ப் பரிசோதனை, ஈறு நோய்க்குச் சிகிச்சை, சர்க்கரை அளவு போன்ற இரத்தச் சோதனைகள். அடுத்து முழுத்தாடை எக்ஸ்ரேயும், தேவைப்படும்போது எலும்பின் உயரம், அகலம், நரம்பின் பாதை ஆகியவற்றை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சிடி ஸ்கேனும் எடுக்கப்படும். கீழ்த்தாடை நரம்பிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மில்லிமீட்டர், இரண்டு இம்ப்ளாண்ட்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் என்பவை பரவலாகப் பின்பற்றப்படும் இடைவெளிகள்.

மரப்பு ஊசி போட்டு ஈறைத் திறந்து, எலும்பில் துளையிட்டு, திருகு முடுக்கப்படும். ஈறை முழுக்க மூடித் தைத்து, சில மாதம் கழித்து மீண்டும் திறப்பது ஒரு முறை. முதல் நாளே ஈறுக்கு மேல் மூடி தெரியும்படி விடுவது இன்னொரு முறை. எலும்பு இணைந்தது உறுதியானதும் அளவு எடுத்து, கேப் செய்து பொருத்துவார்கள். திருகை வைத்த அன்றே தற்காலிகப் பல் மாட்டும் முறையும் உண்டு. முதல் பிடிப்பு வலுவாக இருப்பவர்களுக்கே அது பொருந்தும்.

எலும்பு குறைவாக இருந்தால் நோயாளியின் சொந்த எலும்பையோ, பதப்படுத்திய மனித அல்லது மாட்டு எலும்பையோ, செயற்கைத் துகள்களையோ வைத்து வளர்ப்பார்கள். மேல் கடைவாய்ப் பகுதியில் சைனஸ் அறையின் அடிச்சவ்வை உயர்த்தி, கீழே எலும்புத் துகள் நிரப்புவது சைனஸ் லிஃப்ட்.

பற்களே இல்லாதவர்களுக்கு

கீழ்த்தாடைப் பல்செட் நாக்கு அசைந்தாலே நகரும். இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, அழுத்தி மாட்டும் பொத்தான்களால் செட்டைப் பிடிக்கச் செய்தால் மெல்லும் திறன் வெகுவாக உயரும். பற்களற்ற கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். போர்ச்சுகலின் பாலோ மாலோ முன்வைத்த முறையில் நான்கு இம்ப்ளாண்ட்கள் முழு வரிசையையும் தாங்கும். பின்னிரண்டைச் சாய்த்து வைப்பதால் நரம்பையும் சைனஸையும் தொடாமல் தப்பிக்கலாம்.

யார் காத்திருக்க வேண்டும், யார் கவனமாக இருக்க வேண்டும்

வளரும் வயதினருக்கு இம்ப்ளாண்ட் கூடாது. தாடை வளரும்போது இயற்கைப் பற்கள் அதோடு நகரும். எலும்பில் ஒட்டிய இம்ப்ளாண்ட் நகராமல் பள்ளத்தில் தங்கிவிடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் புகைபிடித்தலும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்பொனேட், டெனோசுமாப் மருந்து எடுப்பவர்களும், தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; தாடை எலும்பு மடியும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் பாக்கு மெல்லும் பழக்கத்தால் வரும் வாய் நார்த்தடிப்பு நோயில் வாய் திறப்பு சுருங்குவதால், பின்பகுதியில் கருவி நுழைவதே கடினமாகும். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் கேப் உடையவும் திருகு தளரவும் கூடும்.

சிக்கல்களும் பராமரிப்பும்

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் ஈறு நோய் வரும். பற்காரைப் படிவால் ஈறு வீங்கி இரத்தம் கசிவது முதல் நிலை. சுத்தம் செய்தால் இது சரியாகும். அழற்சி எலும்பைக் கரைக்கத் தொடங்கினால் அது பெரி-இம்ப்ளாண்டைடிஸ். கரைந்ததை மீட்பது அரிது. வேரைச் சுற்றிய நார்த்திசு இல்லாததால் வலி பெரும்பாலும் தாமதமாகவே எச்சரிக்கும். எனவே ஈறில் இரத்தம், சீழ், அசைவு எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. அறுவையின்போது நரம்பு காயப்பட்டால் கீழுதடு மரத்துப்போகலாம். மரப்பு ஊசியின் பலன் தீர்ந்த பிறகும் மரத்திருந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

முதலாண்டுக்குப் பின் எலும்பு இழப்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 1986இல் அல்பிரெக்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த வெற்றி அளவுகோல்களுள் ஒன்று. இதைக் கண்காணிக்க, குறித்த இடைவெளியில் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை. நாள்தோறும் இருமுறை துலக்குவதோடு பல்லிடைப் பிரஷ்ஷையும் பயன்படுத்த வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த அளவுத் திருகு, எந்த நாளில் வைக்கப்பட்டது என்ற அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வேறு ஊரில் வேறு மருத்துவர் பழுது பார்க்க அந்தத் தகவல்தான் உதவும்.

மாற்று வழிகள்

கழற்றி மாட்டும் பல்செட்டுக்குச் செலவு குறைவு, அறுவை தேவையில்லை. ஆனால் எலும்புக் கரைவு தொடரும். பிரிட்ஜ் விரைவில் முடியும். ஆனால் நலமான பக்கத்துப் பற்களைச் செதுக்க வேண்டும். இரு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜே பொருத்தம். பக்கத்துப் பற்கள் முழு நலத்தோடும் எலும்பு போதிய அளவிலும் இருந்தால் இம்ப்ளாண்ட் சிறந்த தெரிவு. வேர் சிகிச்சையாலோ ஈறு சிகிச்சையாலோ காப்பாற்றக்கூடிய பல்லை இம்ப்ளாண்டுக்காகப் பிடுங்குவது தவறு. சொந்தப் பல்லைக் காக்கும் வழிகள் தீர்ந்த பிறகு வர வேண்டிய சிகிச்சை இது. அந்த இடத்தில், உரியவருக்குச் செய்யும்போது, இழந்த பல்லுக்கு இன்று கிடைக்கும் மிக உறுதியான ஈடு இதுவே.